மேல்நிலை வகுப்பில் வந்த கணினி: தமிழ்நாட்டின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதல் ஆண்டுக்கு மட்டும் 9.12 லட்சம் மாணவர்கள் என்று இலக்கு வைக்கப்பட்டது. அடுத்த பத்தாண்டுக்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள், 7,000 கோடி ரூபாயைத் தாண்டிய செலவில், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் படித்தவர்களின் கைக்குச் சென்றன. ஒரு மாநில அரசு தன் சொந்த நிதியில் இவ்வளவு கணினிகளை மாணவர்களுக்கே உடைமையாகக் கொடுத்தது, வேறெங்கும் எளிதில் காண முடியாத ஒரு முயற்சி. ஆனால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டு, பாடம் திரைக்கு மாறியபோது, இதே மாநிலத்தில் முதல் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படித்த எந்தப் பிள்ளைக்கும் இத்திட்டத்தின் வழியாக ஒரு கணினிகூட வந்திருக்கவில்லை. திட்டத்தின் வடிவமே அப்படி அமைந்திருந்தது. இவ்வளவு பெரிய முதலீட்டுக்குப் பிறகும் அந்த இடைவெளி ஏன் அப்படியே இருந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திட்டத்தின் அமைப்பு

அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை வகுப்பு மாணவர்கள், அதே வகையைச் சேர்ந்த கலை அறிவியல் கல்லூரி, பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்கள் ஆகியோர் பயனாளிகளாக வரையறுக்கப்பட்டனர். சுயநிதிப் பள்ளிகளும், உதவிபெறும் நிறுவனங்களுக்குள்ளேயே இயங்கும் சுயநிதிப் பிரிவுகளும் விலக்கப்பட்டன. கொள்முதல் பொறுப்பு மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டிடம் இருந்தது. தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்டவற்றில் விண்டோஸ் இயங்குதளமும், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒருங்கே இடம்பெற்றன. மொத்தச் செலவை எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு கணினிக்கு ஏறத்தாழ 14,000 ரூபாய் ஆகிறது. அன்றைய சந்தையில் தனியொரு குடும்பம் அந்த விலைக்கு ஒரு மடிக்கணினி வாங்கியிருக்க முடியாது. மொத்தக் கொள்முதலால் மட்டுமே அது இயன்றது.

இந்தத் திட்டம் எதை ஈடுசெய்ய முயன்றது என்பதை உணர, தேசிய மாதிரி ஆய்வு அலுவலகம் 2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை நடத்திய 75-ஆவது சுற்றுக் கணக்கெடுப்பைப் பார்க்க வேண்டும். இந்தியாவின் கிராமப்புறக் குடும்பங்களில் 4.4 சதவீதத்திடம் மட்டுமே கணினி இருந்தது. நகர்ப்புறத்தில் அது 23.4 சதவீதம். இணைய வசதி கிராமத்தில் 14.9 சதவீதக் குடும்பங்களுக்கும், நகரத்தில் 42 சதவீதக் குடும்பங்களுக்கும் இருந்தது. ஐந்து வயதுக்கு மேற்பட்ட கிராமத்தவரில் கணினியை இயக்கத் தெரிந்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் சற்றுக் குறைவு. ஒரு மாநிலம் இந்த நிலையைப் பொறுத்துக்கொள்ள மறுத்து, கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு கணினி வேண்டும் என்று முடிவெடுத்ததைத் தேர்தல் கால இலவசம் என்று மட்டும் சொல்லி ஒதுக்கிவிடுவது நியாயம் ஆகாது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய பல்லாயிரம் பேருக்குத் திட்ட அறிக்கை தட்டச்சு செய்யவும், சி மொழியில் முதல் நிரலை எழுதிப் பார்க்கவும், வேலைக்கான தன்விவரக் குறிப்பைத் தயாரிக்கவும் அந்த மடிக்கணினிதான் பயன்பட்டது. குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு அது முக்கியமானது. இரவில் பிரவுசிங் சென்டருக்குப் போய்வர அனுமதிக்காத வீட்டில், தன் பெயரில் தரப்பட்ட ஒரு கணினி இருப்பது, வெளியே செல்லாமலேயே ஒரு வேலையை முடித்துக்கொள்ளும் உரிமையாக இருந்தது. இந்த நன்மையை முதலில் ஒப்புக்கொண்ட பிறகே குறைகளைப் பேச வேண்டும் என்று கருதுகிறேன்.

எந்த வயதில், யாருக்கு

முதல் குறை வயது பற்றியது. கணினி ஒரு பிள்ளையின் கைக்கு வரும்போது அது பதினாறு, பதினேழு வயதை எட்டியிருக்கிறது. அதுவரை பள்ளியில் நிலைத்திருந்த பிள்ளைக்குத்தான் அது வருகிறது. எட்டாம் வகுப்போடும் பத்தாம் வகுப்போடும் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குச் செல்லும் பிள்ளைகள், மிக நலிந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். திருப்பூரின் பனியன் நிறுவனங்களிலும் கட்டட வேலைகளிலும் அத்தகையோரைக் காணலாம். அவர்கள் இத்திட்டத்தின் வாசலுக்கே வந்து சேரவில்லை. ஆகவே நலிந்தோருக்கான திட்டம், நலிந்தோரிலும் ஒப்பீட்டளவில் தாக்குப்பிடித்தவர்களையே சென்றடைந்தது.

இரண்டாவது குறை காலதாமதம். டெண்டர் தள்ளிப்போனது, கொள்முதல் தாமதமானது, விநியோகம் ஒரு கல்வியாண்டிலிருந்து அடுத்த கல்வியாண்டுக்கு நகர்ந்தது. இதனால் பல அணி (பேட்ச்) மாணவர்கள் பிளஸ் டூ தேர்வு எழுதி வெளியேறிய பின்னரே கணினியைப் பெற்றனர், சிலர் பெறாமலும் போயினர். 2019-இல் நடந்தவை இதைத் துலக்கமாகக் காட்டுகின்றன. அப்போது படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு முன்னுரிமை கொடுத்து விநியோகம் தொடங்கியபோது, அதற்கு முன்பே பள்ளியை முடித்திருந்த 2017-18 அணியினர் தங்களுக்கு இன்னும் தரப்படவில்லை என்று பல மாவட்டங்களில் தாங்கள் படித்த பள்ளிகளின் முன்பு திரண்டு போராடினர். நிதிநிலைக் கணக்கில் ஓராண்டுத் தாமதம் என்பது ஒரு தொகையை அடுத்த ஆண்டுக்கு மாற்றி எழுதும் செயல். பதினேழு வயதுப் பிள்ளைக்கோ, அந்த ஓராண்டு மேல்நிலைக் கல்வியின் சரிபாதி.

கற்றுத்தர யார் இருந்தார்

மூன்றாவது குறைதான் எல்லாவற்றிலும் ஆழமானது என்பது என் மதிப்பீடு. மடிக்கணினி எல்லாப் பாடப்பிரிவினருக்கும் தரப்பட்டது, கணினி ஆசிரியரோ எல்லாருக்கும் தரப்படவில்லை. தமிழ்நாட்டின் மேல்நிலை வகுப்புகளில் கணினி அறிவியல், கணினிப் பயன்பாடுகள் ஆகியவை சில பாடப்பிரிவுகளுக்கு மட்டும் உரியவை. வரலாறு, பொருளியல் படிக்கும் மாணவிக்கும், தொழிற்கல்விப் பிரிவில் படிக்கும் மாணவனுக்கும் அரசு முத்திரை பொறித்த மடிக்கணினி கிடைத்தது. அதை வைத்து என்ன செய்யலாம் என்று வாரத்தில் ஒரு பாடவேளை உட்கார்ந்து சொல்லித்தர அவர்களுக்கு ஒருவரும் இல்லை. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை கணினி தனிப் பாடமாகவே இல்லாத நிலையில், பலர் விசைப்பலகையை முதன்முதலாகத் தொட்டதே அந்த மடிக்கணினியில்தான். கோப்பு என்றால் என்ன, அதை எங்கே சேமிப்பது, மின்னஞ்சல் முகவரி ஒன்றை எப்படித் தொடங்குவது, தமிழில் எப்படித் தட்டச்சு செய்வது என்பன போன்ற தொடக்கநிலைச் செய்திகளைக்கூட அவர்கள் தாமே தட்டுத் தடுமாறித்தான் கற்க வேண்டியிருந்தது. பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் தமிழ்க் கணிமை குறித்து ஓர் இயலே உண்டு. ஆனால் அந்தப் பாடப்பிரிவை எடுத்தவர்கள் மட்டுமே அதைப் படிப்பார்கள்.

கணினி ஆசிரியர்களின் நிலையும் நெடுங்காலம் சீராக இல்லை. தொடக்கத்தில் ஒப்பந்த முறையில் சேர்க்கப்பட்டவர்கள், பின்னர் நடந்த தகுதித் தேர்வுகள், அவை தொடர்பான வழக்குகள், பணிநீக்கங்கள் என்று ஒரு நீண்ட வரலாறு அதற்கு இருக்கிறது. கணினி அறிவியலில் பி.எட். முடித்தவர்கள் கீழ் வகுப்புகளிலும் கணினியைத் தனிப் பாடமாக்க வேண்டும் என்று ஆண்டுதோறும் கோரிக்கை வைத்து வருகிறார்கள். அந்தக் கோரிக்கையை வேலைவாய்ப்புக் கோரிக்கையாக மட்டும் பார்த்துவிட்டது பெரும் பிழை. அதற்குள் ஒரு கல்விக் கோரிக்கையும் இருந்தது.

அண்டை மாநிலமான கேரளம் இதே காலத்தில் வேறு வரிசையில் நடந்தது. அங்கே 2001-இல் ஐடி அட் ஸ்கூல் என்ற திட்டம் தொடங்கப்பட்டது. கணினிக்கெனத் தனி ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திராமல், ஏற்கெனவே பணியில் இருந்த மொழி, கணக்கு, அறிவியல் ஆசிரியர்களிலிருந்தே முதன்மைப் பயிற்றுநர்களைத் தேர்ந்து, அவர்கள் வழியாக மற்ற ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார்கள். 2005-இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தகவல் தொழில்நுட்பம் ஒரு பாடமாக இடம்பெற்றது. பொதுத்தேர்வில் ஒரு பாடம் வந்துவிட்டால், பள்ளியில் அதற்கு நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும், ஆய்வகக் கதவைத் திறந்தே ஆக வேண்டும். கேரளத்து மாணவருக்குச் சொந்தக் கணினி கிடைத்ததோ இல்லையோ, பத்தாம் வகுப்பைத் தாண்டும்போது கணினியோடு பழகிய சில ஆண்டுகள் அவருக்கு இருந்தன. தமிழ்நாட்டு மாணவருக்குச் சொந்தக் கணினி கிடைத்தது, அந்தப் பழகிய ஆண்டுகள் கிடைக்கவில்லை.

கருவியை மட்டும் கொடுத்தால் கற்றல் தானே நிகழும் என்ற எண்ணம் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. தென் அமெரிக்காவின் பெரு நாட்டில், ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தின் கீழ் பல லட்சம் கணினிகள் தொடக்கப் பள்ளி மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. அமெரிக்க நாடுகளுக்கிடையிலான வளர்ச்சி வங்கி, 319 கிராமப்புறப் பள்ளிகளில் நடத்திய ஆய்வின் முடிவுகளை 2012-இல் வெளியிட்டது. கணினிப் பயன்பாடு கூடியிருந்தது, பொது அறிவுத்திறன் சார்ந்த சில சோதனைகளில் சிறு முன்னேற்றம் இருந்தது. ஆனால் கணக்கிலும் மொழியிலும் மாணவர்களின் தேர்ச்சி உயர்ந்ததற்கான சான்று கிடைக்கவில்லை. அங்கும் ஆசிரியர் பயிற்சியும், பாடத்தோடு கணினியை இணைக்கும் வேலையும் பின்தங்கியிருந்தன.

2020 மார்ச்: மாணவரை வீட்டுக்கு அனுப்பிய பின்

2018-இல் தமிழ்நாட்டில் புதிய பாடநூல்கள் வந்தன. பக்கங்களின் ஓரத்தில் கியூ.ஆர். குறியீடுகள் அச்சாகியிருந்தன. அலைபேசியால் அதைப் படமெடுத்தால் காணொளியோ விளக்கப்படமோ திறக்கும். பாராட்டத்தக்க ஏற்பாடு அது. ஆயினும் அந்தக் குறியீடு ஸ்மார்ட்போன் உள்ள வீட்டில் ஒரு சாளரமாகவும், இல்லாத வீட்டில் வெறும் கறுப்புக் கட்டமாகவும் இருந்தது. பள்ளி திறந்திருந்த காலத்தில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியவில்லை, ஏனெனில் ஆசிரியர் இருந்தார், கரும்பலகை இருந்தது.

பள்ளிகள் மூடியபின் நிலைமை மாறியது. தனியார் பள்ளிகள் பல, சில வாரங்களுக்குள் ஜூம், கூகுள் மீட் வகுப்புகளுக்கு மாறின. அரசு மூன்று வழிகளைக் கையாண்டது. முதலாவது, 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி. சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்திலிருந்து இயங்கிய அது, அரசு கேபிளின் 200-ஆவது அலைவரிசையில் வகுப்பு வாரியாகப் பாடங்களை ஒளிபரப்பியது. இரண்டாவது, 2020 ஜூலையில் பன்னிரண்டாம் வகுப்பினரின் மடிக்கணினிகளில் பாடக் காணொளிகளைப் பதிவிறக்கித் தரும் ஏற்பாடு. மூன்றாவது, ஆசிரியர்கள் தாமே தொடங்கிய வாட்ஸ்அப் குழுக்கள்.

இவற்றுள் மிகப் பரவலாகச் சென்று சேரக்கூடியதாக இருந்தது தொலைக்காட்சி. அதற்குக் காரணம், 2006 முதல் 2011 வரை வழங்கப்பட்ட ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளும், அதைத் தொடர்ந்து மலிவான கட்டணத்தில் வந்த அரசு கேபிள் இணைப்பும் ஆகும். கல்விக்கென்று தரப்படாத அந்தப் பெட்டி வகுப்பு, வயது பார்க்காமல் குடும்ப அட்டைக்கு ஒன்று என வீட்டை அலகாகக் கொண்டு தரப்பட்டதால், நெருக்கடியின்போது கீழ் வகுப்புப் பிள்ளைக்கும் ஓரளவு பயன்பட்டது. கல்விக்கென்றே தரப்பட்ட மடிக்கணினி, ஒரு குறிப்பிட்ட வகுப்பைச் சேர்ந்த தனிநபரை அலகாகக் கொண்டதால், அதே வீட்டின் சிறு பிள்ளையைச் சென்று சேருவது தற்செயலாகவே நிகழ்ந்தது. பயனாளியின் அலகை எப்படி வரையறுக்கிறோம் என்பது இவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதை நம் கொள்கை வகுப்பாளர்கள் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

விளக்கத்துக்காக ஒரு குடும்பத்தைக் கருதிப் பார்க்கலாம். தந்தை கட்டட வேலை செய்கிறார், தாய் நூறுநாள் வேலைக்குப் போகிறார். மூன்று பிள்ளைகள். மூத்தவள் பிளஸ் டூ முடித்தது 2017 என்றால் வீட்டில், பேட்டரி தளர்ந்த நிலையிலாவது, ஒரு மடிக்கணினி இருக்கக்கூடும். 2018 என்றால் அது இல்லாமலே போயிருக்கக்கூடும். எட்டாம் வகுப்புப் படிக்கும் நடுப்பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் வருகிறது. வீட்டில் உள்ள ஒரே ஸ்மார்ட்போன் காலை எட்டு மணிக்குத் தந்தையோடு வேலைக்குச் சென்று இரவு ஏழு மணிக்குத் திரும்புகிறது. 28 நாளுக்கு ஏறத்தாழ 200 ரூபாய் ரீசார்ஜ், வேலை இல்லாத ஊரடங்கு மாதத்தில் பெரிய செலவு. மூன்றாம் வகுப்புப் படிக்கும் கடைக்குட்டிக்குத் தொலைக்காட்சி மட்டுமே உண்டு. அது புரியாத இடத்தில் நிறுத்தாது, கேள்வி கேட்டால் பதில் சொல்லாது. மலையூர்களில் இதற்கு மேலும் ஒரு தடை இருந்தது. டவர் கிடைக்கும் மேடான இடத்தைத் தேடிப் பிள்ளைகள் நடந்தார்கள், அங்கேயே அமர்ந்து படித்தார்கள்.

இந்தியா முழுவதும் எடுக்கப்பட்ட கணக்குகள் இந்தக் குடும்பத்தின் நிலையை உறுதிப்படுத்துகின்றன. கிராமப்புறப் பள்ளி மாணவர் வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தவை 2018-இல் 36.5 சதவீதமாக இருந்து 2021-இல் 67.6 சதவீதமாக உயர்ந்ததாக, கிராமப்புறக் கல்வி நிலையைக் கணக்கெடுக்கும் அசர் அறிக்கைகள் கூறுகின்றன. வெறும் மூன்றாண்டில் இது ஏறத்தாழ இருமடங்கு. ஏழைப் பெற்றோர் கடன் வாங்கியும் நகை அடகு வைத்தும் போன் வாங்கியதன் விளைவும் இதில் அடங்கும். ஆயினும் அதே 2021 அறிக்கையின்படி, ஸ்மார்ட்போன் உள்ள வீட்டுப் பிள்ளைகளிலேயே 26.1 சதவீதத்தினருக்கு அது படிப்புக்குக் கிடைக்கவே இல்லை. பொருளியலாளர்கள் ஜான் டிரீஸ், ரீதிகா கேரா உள்ளிட்டோர் ஒருங்கிணைத்து, 15 மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் நலிந்த குடும்பங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 1,400 பிள்ளைகளிடையே 2021 ஆகஸ்டில் நடத்திய ஆய்வு இன்னும் கடுமையான நிலையைக் காட்டியது. கிராமப்புறத்தில் 8 சதவீதத்தினர் மட்டுமே இணையவழியில் ஒழுங்காகப் படித்தனர். 37 சதவீதத்தினர் அறவே படிக்கவில்லை. கிராமப்புறத் தலித், பழங்குடிப் பிள்ளைகளை மட்டும் தனியே எடுத்தால், ஒழுங்காக இணையவழியில் படித்தவர்கள் 4 சதவீதம். மற்றச் சமூகத்தினரிடையே 15 சதவீதம். சாதியின் ஏற்றத்தாழ்வு கணினித் திரையிலும் தன்னை அப்படியே வரைந்துகொள்கிறது என்பதைக் காட்ட இந்த இரண்டு எண்கள் போதும்.

2021 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, ஏறத்தாழ 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி அளவுள்ள விலையில்லா டேட்டா கார்டுகளை ஏப்ரல் வரை வழங்குவதாக அறிவித்தது. தேவையான உதவிதான் அது. ஆனால் இங்கும் உதவி மேலிருந்தே தொடங்கியது. கருவியும் இணைப்பும் அறவே இல்லாத, பள்ளிக்கு வெளியே மிக நீண்ட காலம் இருந்த பிள்ளைகள் கீழ் வகுப்புகளில் இருந்தார்கள். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பினருக்கு 2021 ஜனவரி 19-இல் பள்ளி திறந்தது. முதல் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படித்தவர்களுக்குப் பள்ளிக் கதவு திறந்தது 2021 நவம்பர் 1-இல். ஏறத்தாழ இருபது மாதங்கள்.

கேரளமும் இக்காலத்தில் இடர்ப்படாமல் இல்லை. 2020 ஜூன் 1 அன்று அங்கே விக்டர்ஸ் என்ற அரசுக் கல்வி அலைவரிசையில் ஒளிபரப்பு வகுப்புகள் தொடங்கின. ஆனால் அதற்கு முன்பே நடத்தப்பட்ட கணக்கெடுப்பில், 2.6 லட்சம் மாணவர்களிடம் தொலைக்காட்சியோ இணையமோ இல்லை என்று தெரியவந்திருந்தது. அந்த எண் கையில் இருந்ததால், நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் பொதுத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வைத்துப் பிள்ளைகளை அங்கே வரவழைக்க முடிந்தது. யாரிடம் இல்லை என்று முதலில் எண்ணுவது, எத்தனை கொடுத்தோம் என்று எண்ணுவதிலிருந்து முற்றிலும் வேறான வேலை.

பாடத்துக்கு வெளியே

கணினி இல்லாமையின் விலை பாடத்தோடு முடிவதில்லை. 2017 வரை பொறியியல் சேர்க்கைக்கான கலந்தாய்வு நேரில் நடந்தது. மாணவர் சென்னைக்கு வந்து, திரையில் காலியிடங்களைப் பார்த்து, அங்கேயே கல்லூரியைத் தேர்ந்தார். 2018-இல் அது இணையவழிக்கு மாறியது. பயணச் செலவு மிச்சமானது உண்மை. தொலைதூர மாவட்டத்துக் குடும்பத்துக்கு அது பேருதவி. அதே சமயம், நூற்றுக்கணக்கான கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் முன்னுரிமை வரிசைப்படி நிரப்பும் பொறுப்பு மாணவரிடம் வந்து சேர்ந்தது. மாவட்டந்தோறும் உதவி மையங்கள் அமைக்கப்பட்டன. ஆயினும் பொறியியல் படித்த அண்ணனோ அக்காவோ இல்லாத வீட்டுப் பிள்ளை, கட்டணம் வாங்கிக்கொண்டு நிரப்பித் தரும் பிரவுசிங் சென்டர் ஊழியர் சொன்ன வரிசையைத் தன் விருப்பமாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. நான்காண்டுப் படிப்பைத் தீர்மானிக்கும் ஒரு பட்டியல், பின்னால் வரிசையில் நிற்பவர்களின் அவசரத்தில் சில நிமிடங்களுக்குள் முடிக்கப்படுகிறது. உதவித்தொகை விண்ணப்பம், சாதிச் சான்றிதழ், கலை அறிவியல் கல்லூரிச் சேர்க்கை என ஒவ்வொன்றும் இணையத்துக்குச் சென்றபோது, அது ஒவ்வொன்றிலும் இதே நிலை தொடர்ந்தது. தொற்றுக் காலத்தில் இணையவழித் தேர்வுகள் வந்தபோது, கேமராவும் மைக்கும் அறுபடாத இணைப்பும் தேர்வு எழுதுவதற்கான முன்நிபந்தனைகளாகவே ஆயின.

ஆய்வகமும் அதன் சாவியும்

2019-20-ஐ ஒட்டி, ஏறத்தாழ 6,000 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் என்ற கணினி ஆய்வகம் அமைக்கப்பட்டது. என் பார்வையில் இது மடிக்கணினித் திட்டத்தை விடவும் சரியான திசையில் வைக்கப்பட்ட அடி. ஆய்வகம் பள்ளியின் சொத்து. ஆறாம் வகுப்புப் பிள்ளையும் அதில் உட்காரலாம். பழுதானால் ஒரே இடத்தில் சரிசெய்யலாம். ஆனால் நடைமுறையில் அந்தக் கணினிகளின் நேரத்தைப் பெருமளவு எடுத்துக்கொண்டவை பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் எமிஸ் தளத்தில் தரவு ஏற்றுவதும், மாணவர்களுக்கான இணையவழி மதிப்பீட்டுத் தேர்வுகளும் ஆகும். எமிஸ் பதிவுகள் கற்பித்தல் நேரத்தைத் தின்கின்றன என்பது ஆசிரியர் சங்கங்களின் நெடுநாள் முறையீடு. ஆய்வகத்தைக் கவனிக்கவென்று பின்னர் வெளி முகமை வழியாகத் தொகுப்பூதியத்தில் ஆட்கள் அமர்த்தப்பட்டனர். அவர்களுடைய வேலையிலும் தரவு ஏற்றம் முன்னிடம் பிடித்தது. பிள்ளைகள் சுதந்திரமாக அமர்ந்து, தவறு செய்து, திருத்திக் கற்றுக்கொள்ளும் மணிநேரம் இந்தப் பட்டியலில் கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டது. கணினி கெட்டுவிட்டால் தன்மேல் பொறுப்பு வரும் என்ற அச்சத்தால் அறையைப் பூட்டி வைக்கும் வழக்கமும் நம் பள்ளிகளுக்குப் புதிதன்று. அந்த அச்சம் பள்ளியினர் தாமாக உருவாக்கிக்கொண்டது அன்று. இருப்புப் பதிவேட்டில் குறையும் ஒரு கணினிக்குக் கணக்குக் கேட்கும் நிர்வாகம், பயன்படுத்தப்படாமல் பழசாகும் கணினிக்குக் கணக்குக் கேட்பதில்லை.

2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். திரையால் ஈடுசெய்ய முடியாததை, மாலை நேரத்தில் தெருவிலும் சமுதாயக் கூடத்திலும் அமர்ந்து பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், ஓரளவு ஈடுசெய்தார்கள். தொழில்நுட்ப ஏற்றத்தாழ்வைப் பற்றிய ஓர் ஆய்வில் இதைக் குறிப்பிடக் காரணம் உண்டு. பிள்ளையின் வீட்டுக்கு அருகில், மாலை நேரத்தில், ஒரு பெரியவரின் துணையோடு கற்கும் இடம் ஒன்றை மாநிலம் முழுவதும் உருவாக்க முடியும் என்பதை அத்திட்டம் மெய்ப்பித்தது. அந்த இடத்தில் நான்கு கணினிகளும் ஓர் இணைய இணைப்பும் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற சோதனையைத்தான் நாம் இன்னும் செய்து பார்க்கவில்லை.

இப்போது

2020-க்குப் பிறகு மடிக்கணினி விநியோகம் நின்றுபோனது. தொற்றுக் காலத்தில் மேல்நிலை வகுப்புக்கு வந்த அணிகள், கணினி மிகத் தேவைப்பட்ட ஆண்டுகளில் அது இல்லாமலே படித்து முடித்தன. 2024-ஐ ஒட்டி அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் ஏறத்தாழ 80,000 பேருக்குக் கைக்கணினிகளும் (டேப்லெட்), தொடக்கப் பள்ளிகளுக்குத் திறன்மிகு வகுப்பறைகளும் வழங்கப்பட்டன. முதன்முறையாகக் கீழ் வகுப்பும் ஆசிரியரும் திட்டத்தின் மையத்துக்கு வந்தது நல்ல மாற்றம். 2025 மார்ச் 14 அன்று தாக்கல் செய்யப்பட்ட நிதிநிலை அறிக்கையில் நிதியமைச்சர் தங்கம் தென்னரசு, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி தரப்படும் என்றும், அதற்கு முதற்கட்டமாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்படும் என்றும் அறிவித்தார். இம்முறை பயனாளிகள் கல்லூரி மாணவர்கள். முந்தைய திட்டத்தில் கணினி வந்து சேர்ந்த வயது, இதில் இன்னும் சில ஆண்டுகள் மேலே நகர்ந்திருக்கிறது.

கல்லூரி மாணவருக்குக் கணினி தரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தர வேண்டும், குறித்த காலத்தில், முதலாண்டின் தொடக்கத்திலேயே தர வேண்டும். ஆனால் அதே நிதிநிலை அறிக்கையில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கென்று ஒரு வரி இருக்க வேண்டும். ஆறு முதல் பத்து வரையிலான வகுப்புகளின் கால அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு பாடவேளைகள் கணினிக்கு ஒதுக்கி, அதைக் கற்பிக்கத் தனி ஆசிரியரையோ, பயிற்சி பெற்ற பாட ஆசிரியரையோ பொறுப்பாக்க வேண்டும். எமிஸ் பணியை ஆய்வகத்திலிருந்து பிரித்து அலுவலகக் கணினிக்கு மாற்ற வேண்டும். பள்ளி முடிந்த பின் இரண்டு மணி நேரம் ஆய்வகம் திறந்திருக்க, அதற்குரிய மதிப்பூதியத்தோடு ஒருவர் வேண்டும். வீட்டில் கணினியோ போனோ இல்லாத பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் ஒவ்வொரு தலைமையாசிரியரிடமும் இருக்க வேண்டும், அவர்களுக்கு ஆய்வக நேரத்தில் முதலிடம் தர வேண்டும். மாதந்தோறும் பள்ளிகளிடமிருந்து கேட்டுப் பெறப்படும் எண்ணற்ற தரவுகளோடு, அம்மாதத்தில் ஒவ்வொரு வகுப்பும் ஆய்வகத்தில் எத்தனை மணி நேரம் அமர்ந்தது என்ற ஒரே ஓர் எண்ணையும் கேட்டுப் பெற வேண்டும். 2019-20-இல் வாங்கிய ஆய்வகக் கணினிகள் இப்போது ஐந்தாண்டைக் கடந்துவிட்டன. அவற்றைப் புதுப்பிப்பதற்கான தொகை, புதிய கொள்முதல்களின் நிழலில் மறையாமல், தனித் தலைப்பின்கீழ் ஆண்டுதோறும் ஒதுக்கப்பட வேண்டும்.